மேலே திரும்பிய தையல்

கெல்லம் ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால் இரண்டு விஷயம் ஓயாது. ஒன்று, அறுத்துப்போட்ட வயல்களைத் தாண்டி வரும் காற்று. இன்னொன்று, கல்லூரி அணி ஜெயிப்பது யாரால், தோற்பது யாரால் என்கிற சண்டை. காற்றாவது சில நாள் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

அமெரிக்கர்கள் ஆடும் இந்த ஆட்டத்துக்குப் பேர்தான் ஃபுட்பால். காலால் உதைக்கிறவன் அணியிலேயே ஒருத்தன். அவனையும் யாரும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடுவதில்லை. மற்றபடி எல்லாம் கையும் தோளும் தொப்பையும்தான். டோபியாஸ் ட்ரைலிங் தொப்பைக் கட்சி. முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து தடியன்களில் நடுவில் இருப்பவன். இரண்டு முனையும் கூராக, ஒரு பக்கம் மட்டும் தையல் துருத்திய பந்து அவன் முன்னால் தரையில் கிடக்கும். குனிந்து அதைப் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் விட்டெறிய வேண்டும். நாலடி தள்ளி நிற்கும் குவாட்டர்பேக் அதைப் பிடித்து எறிவான், இல்லையென்றால் ஓடுகிறவன் கையில் கொடுப்பான். பந்தை விட்ட மறு நொடி எதிரே நிற்கும் மாடு ஒன்று டோபியாஸின் நெஞ்சில் வந்து மோதும். இதுதான் அவன் வேலை. இந்த வேலைக்கு அவன் அப்பா லெனார்டும் இதே கல்லூரியில் குனிந்தவர்.

ஆனால் ஊர் பார்ப்பது குவாட்டர்பேக்கை மட்டும்தான். ஜெயித்தால் அவன் தெய்வம், தோற்றால் அவன் தலையில் மண். இது டோபியாஸுக்குப் பொறுக்காது.

"லைன்தான்யா எல்லாம்," என்பான், முடிவெட்டும் வர்ஜிலின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "நாங்க அஞ்சு பேரு நிக்கலைன்னா அவன் எங்கேருந்து எறிவான்? ஆஸ்பத்திரிலேருந்தா?"

"லைன் ஜெயிச்சுக் கொடுத்த மேட்ச் ஒண்ணு சொல்லு பாப்போம்," என்பார் வர்ஜில். "தலையை ஆட்டாதே, காது போயிடும்."

சொல்ல முடியாது. அதுதான் சங்கடம். லைன் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்காததை யாரிடம் காட்டுவது?

அந்த வருஷம் சண்டைக்கு நல்ல தீனி கிடைத்திருந்தது. முதல் ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்த அணி, அடுத்த மூன்றையும் வரிசையாகத் தோற்றுத் தொலைத்தது. அதுவும் சும்மா தோற்கவில்லை. கெல்லம் பையன்கள் எறியப்போகிறார்களா, ஓடப்போகிறார்களா என்பது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எறியப்போனால் கண்ணை மூடிக்கொண்டு குவாட்டர்பேக்கின் மேல் பாய்ந்தார்கள். ஓடப்போனால் நடுவில் அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. யாரோ எதையோ காட்டிக்கொடுக்கிறார்கள். வேண்டுமென்று இல்லை, கை கால் கண் ஏதோ ஒன்று பேசுகிறது. அது யாருடையது?

குவாட்டர்பேக்குடையது என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. குவாட்டர்பேக் பெயர் கீனன் ஹாஸ்கெல். ஒக்லஹோமாப் பக்கத்துப் பையன், ஒல்லி, டோபியாஸின் அறைத் தோழன். நாலு வருஷமாக ஒரே அறை. கீனனின் காலுறை நாற்றம் டோபியாஸுக்குத் தெரியும், டோபியாஸின் குறட்டை கீனனுக்குப் பழக்கம்.

இரண்டு பேரும் ஆட்டத்தின் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். டோபியாஸுக்கு இந்த மாதிரி வேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம். சின்ன வயதில் அப்பாவின் டிராக்டர் ரேடியோவைக் கழற்றி, மறுபடி பூட்டத் தெரியாமல் முழித்தவன். இப்போது பதினோரு பேரைக் கழற்ற ஆரம்பித்தான்.

"எறியறதுக்கு முன்னாடி விரலை நக்கறே பாரு," என்றான்.

"எல்லா தடவையும் நக்கறேன்டா. ஓடறப்பவும் நக்கறேன். பாரு."

பார்த்தான். உண்மைதான். நாய் மாதிரி எல்லா நேரமும் நக்கிக்கொண்டிருந்தான். சரி, ஓடுகிறவன் தான் ஓடப்போகும் பக்கம் பார்க்கிறானா? இல்லை, அவன் கூட்டத்தில் இருக்கும் பெண்களைப் பார்க்கிறான். பக்கத்தில் குனிந்து நிற்கும் தடியன்கள் ஓட்டத்துக்கு முன்னால் கையை அழுத்தி ஊன்றுகிறார்களா? விரல் முட்டி வெளுக்கிறதா? படத்தை நிறுத்தி, மூக்கு திரையில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. தன் கூட்டத்துக்காரர்கள் சுத்தம் என்று தெரிந்ததும் டோபியாஸுக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், மிச்சமிருப்பது கீனன்தானோ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவன் வாயால் சொல்லவில்லை. கீனனுக்குப் புரியாமலா போகும்?

செவ்வாய்க்கிழமை கோச் ஸ்டட்ஸ் கீனனைக் கூப்பிட்டார். சனிக்கிழமை கடைசி ஆட்டம், ஹார்லோ கல்லூரியோடு. சொந்த மைதானம். கால்டர் என்ற முதலாண்டுக்காரன்தான் இறங்குவான் என்று சொல்லிவிட்டார்.

கடைசி சொந்த மைதான ஆட்டம் என்றால் சும்மா இல்லை. படிப்பை முடித்துப் போகிற பையன்கள் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். அதுக்கப்புறம் போய் ஓரத்தில் நிற்பதற்கு எந்தக் குவாட்டர்பேக்குக்கு மனசு வரும்? கீனன் கட்டிலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டான். டோபியாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவது போல நடித்தான்.

"அம்மா, சனிக்கிழமை வர வேணாம்... இல்லம்மா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வந்து நான் சும்மா நிக்கறதைப் பாக்கணுமா? வேணாம்மா. சொன்னா கேளு."

டார்லா அம்மாள் அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாலு வருஷமாக ஒரு ஆட்டம் தவறவிட்டதில்லை. அவள் போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. கீனன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டோபியாஸுக்கு அழுகை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது நல்லதாகப் போயிற்று.

புதன்கிழமை பயிற்சியில் கால்டர் இறங்கினான். எதிராளி கையில் பந்து இருக்கும்போது இறங்கும் தங்கள் அணியின் தடுப்புக்காரர்களே பயிற்சியில் எதிராளி போல எதிரே நிற்பார்கள். தடுப்புக்காரர்களில் நடுவில் நிற்பவன் டெம்ப்ஸி ரஸ்க்; தினமும் டோபியாஸின் நெஞ்சில் மோதும் மாடு அவன்தான். முதல் எறிக்கே டெம்ப்ஸியும் கூட்டமும் உள்ளே பாய்ந்து கால்டரைச் சப்பாத்தி ஆக்கினார்கள். அடுத்தது ஓட்டம், நடுவில் சுவர். அடுத்தது எறி, மறுபடி சப்பாத்தி.

"புதுப் பையன், பயம்," என்றார் கோச். "பழகிடும்."

டோபியாஸ் புல்லில் மண்டியிட்டபடியே இருந்தான். மூளை டக்கென்று நின்று, வேறு பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தது. இன்று கீனன் ஆடவே இல்லை. ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் டெம்ப்ஸிக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் காட்டிக்கொடுப்பவன் கீனன் இல்லை. வேறு யார் என்பதும் டெம்ப்ஸிக்குத் தெரியும்!

இதைக் கேட்கப் போவது லேசான காரியம் இல்லை. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேசை. எறிபவர்களும் பிடிப்பவர்களும் ஜன்னல் பக்கம், அழகாகத் தெரிய வேண்டுமே. லைன்காரர்கள் சாப்பாடு எடுக்கும் இடத்துக்கு ஒட்டி. தடுப்புக்காரர்கள் கதவோரம். பந்தை உதைக்கிறவன் இசைப் பிரிவுப் பையன்களோடு. ஒருவன் மேசைக்கு இன்னொருவன் போவதில்லை. போதாததற்கு லைனுக்கும் தடுப்புக்கும் தனிப் பகை. வாராவாரம் பயிற்சியில் மோதிப் பார்த்து, தோற்ற கூட்டம் ஜெயித்த கூட்டத்தின் அழுக்குச் சாக்ஸைக் கூடையில் அள்ளிச் சலவை அறைக்குச் சுமக்க வேண்டும். கொஞ்ச நாளாக லைன்காரர்கள்தான் சுமக்கிறார்கள். அந்தக் கூடையின் மணம் வாழ்க்கையில் மறக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் டோபியாஸ் தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கதவோரம் போனான். கூடமே திரும்பிப் பார்த்தது.

"என்னடா, வழி தெரியலையா?" என்றான் டெம்ப்ஸி. "உங்க தொட்டி அந்தப் பக்கம்."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சாக்ஸ் கூடை எங்கே இருக்குன்னா? வழக்கமான எடத்துலதான்."

மேசை சிரித்தது. டோபியாஸ் தன் தட்டிலிருந்த பீராக்கை எடுத்து அவன் தட்டில் வைத்தான். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட அந்த ரொட்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் போடுவார்கள், தலைக்கு ஒன்றுதான். சிரிப்பு அடங்கியது. விஷயம் பெரிசு என்று எல்லோருக்கும் புரிந்தது.

"எறியா, ஓட்டமான்னு உனக்கு எப்படித் தெரியுது?"

டெம்ப்ஸி பீராக்கைப் பார்த்தான், டோபியாஸைப் பார்த்தான். "தொழில் ரகசியம்."

"கீனன் சனிக்கிழமை ஆடலடா. அவன் அம்மாவை வராதேன்னுட்டான்."

டெம்ப்ஸி மெல்லுவதை நிறுத்தினான். அப்புறம் தன் தட்டிலிருந்த சுட்ட உருளைக்கிழங்கை எடுத்து மேசையின் நடுவில் வைத்தான். நீளமான கிழங்கு. வெண்ணெய் வைப்பதற்காக நீளவாக்கில் கீறியிருந்தது. கீறல் பக்கவாட்டில் பார்த்துக் கிடந்தது.

"இதான் பந்து. கீறல்தான் தையல். குனி."

"இங்கேயா?"

"கேள்வி உன்னோடது. குனி."

டோபியாஸ் குனிந்து கிழங்கைப் பிடித்தான். சுட்டது. "ஓட்டம்," என்றான் டெம்ப்ஸி. டோபியாஸ் தோளை இறுக்கினான், மூச்சை இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை.

"எறி," என்றான் டெம்ப்ஸி.

டோபியாஸ் தோளை இறுக்கினான், மூச்சை இழுத்தான். அவன் விரல்கள் கிழங்கை மெதுவாக உருட்டின. கீறல் மேலே வந்து நின்றது.

டோபியாஸ் தன் கையையே பார்த்தான். அது வேறு யாருடையதோ போல இருந்தது.

"இன்னொரு தடவை," என்றான்.

"ஓட்டம்." கிழங்கு அசையவில்லை. "எறி." அவன் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது விரல் பாதி உருட்டிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் கீனனுக்கு நடுவிரல் மடங்கி வீங்கிவிட்டது. எறிகிறவனுக்குப் பந்தின் தையல் விரலில் அகப்பட வேண்டும், அகப்படாவிட்டால் தேட வேண்டும், தேடினால் வலிக்கும். கீனன் வெளியே சொல்லவில்லை, ஆனால் பல்லைக் கடிப்பது டோபியாஸுக்குத் தெரிந்தது. அதனால் எறி வரும்போதெல்லாம் தையலை மேலே திருப்பி வைத்து அனுப்பினான். நேராகப் போய் விரலில் உட்காரும். ஓட்டத்துக்கு அது வேண்டாம், கையில் வாங்கிக் கொடுப்பதுதானே. அவன் கீனனிடம் சொல்லவும் இல்லை. இதெல்லாம் போய் சொல்லிக்கொண்டிருப்பார்களா? விரல் ஆறியது. கை நிறுத்தவில்லை. எச்சில் விழுங்குவது மாதிரி ஆகிவிட்டது.

படத்தில் ஏன் தெரியவில்லை? உயரத்திலிருந்து எடுக்கிற படம்; குனிந்திருக்கும் அவன் தலையும் தோளும் அவன் கையை மறைத்துவிடும். அது மட்டும் இல்லை. அவன் பத்துப் பேரைத்தான் கழற்றிப் பார்த்தான். பதினோராவது ஆளை அவன் பார்க்கவே இல்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா சாக்ஸை யாரு சுமப்பா?"

"பாவி, சாக்ஸுக்காகவாடா மூணு மேட்ச்?"

டெம்ப்ஸியின் பெரிய முகம் சிவந்தது. "டேய், நான் அப்படி நெனக்கலடா. சத்தியமா. எனக்குத் தெரிஞ்சது மத்தவனுக்கும் தெரியும்னு தோணவே இல்ல. நான்தான் பெரிய கெட்டிக்காரன்னு..." அவன் முடிக்கவில்லை. எல்லா அணியிலும் டெம்ப்ஸி மாதிரி ஒருவன் டோபியாஸின் மூக்குக்கு நேரே ஒரு முழ தூரத்தில் நிற்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது. பீராக்கை எடுத்துத் திருப்பி வைத்தான். "இந்தா. எனக்கு வேணாம்."

டோபியாஸ் எழுந்தான். டெம்ப்ஸி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"பேசாம திருப்பறதை நிறுத்திடு. அவ்ளோதான். யாருக்குத் தெரியப்போகுது? என் மேசை வாயைத் தொறக்காது."

அந்த மத்தியானம் முழுக்க டோபியாஸ் மைதானத்தின் வெறும் பலகைகளில் உட்கார்ந்திருந்தான். காற்று காதைப் பிய்த்தது. டெம்ப்ஸி சொன்னது நடக்கக்கூடியதுதான். நிறுத்திவிடலாம். சனிக்கிழமை ஹார்லோக்காரர்கள் குழம்பிப் போவார்கள், கால்டர் ஜெயிப்பான், லைன் பிரமாதம் என்று நாலு பேர் சொல்லக்கூடச் சொல்வார்கள். அப்பா வருவார். ஊர் என்ன சொல்லும்? பார்த்தாயா, கீனனை எடுத்தார்கள், அணி ஜெயித்தது. மூன்று தோல்வியும் அவன் பேரில் ஆயுசுக்கும் எழுதப்பட்டுவிடும். பத்து வருஷம் கழித்தும் வர்ஜில் நாற்காலியைச் சுற்றிக்கொண்டே சொல்வார். ஒரு பையனின் விரல் வலிக்கக் கூடாது என்று செய்த காரியம், அந்தப் பையனையே விழுங்கப் பார்க்கிறது. டோபியாஸுக்குத் தன் கைகளை வெட்டிப் போடலாமா என்றிருந்தது. வெட்டினால் பந்தை யார் பிடிப்பது என்றும் தோன்றியது. அவ்வளவு வெறுப்பிலும் அவனுக்கு ஆட்டத்தின் நினைப்புதான்.

வியாழன் சாயங்காலம் லைன்காரர்களுக்குப் பண்டிகை. குவாட்டர்பேக் அவர்களை லோரீன் கடைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுவான். வெறுமனே வாங்கித் தருவது இல்லை, தன் கையால் பரிமாற வேண்டும். வாரம் பூரா தன்னைக் காப்பாற்றும் தடியன்களுக்கு ஒரு நாள் சேவகம். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. கால்டருக்கு இந்த வழக்கம் இருப்பதே தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதனால் இன்று பரிமாற யாராவது வருவார்களோ மாட்டார்களோ என்று ஐந்து பேரும் காலி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கீனன் வந்தான். இடுப்பில் லோரீனின் ஏப்ரன். இரண்டு கையிலும் காரமான பீன்ஸ் கறிக் கிண்ணங்கள், மேலே பட்டைத் தூள் போட்ட இனிப்பு ரொட்டிகள்.

"என்ன முழிக்கறீங்க? வியாழக்கிழமைதானே?" என்றான்.

"அவன்கிட்ட சொன்னேன், இன்னிக்கு நீ உக்காரு கண்ணு, நான் போடறேன்னு," என்றாள் லோரீன் கல்லாவிலிருந்து. "கேட்டாத்தானே."

கீனன் ஒவ்வொருவர் முன்னாலும் கிண்ணத்தை வைத்தான். டோபியாஸுக்கு மட்டும் ரொட்டி இரண்டு. நாலு வருஷமாக அப்படித்தான். டோபியாஸால் கரண்டியை எடுக்க முடியவில்லை.

கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் வர்ஜில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பாரா? "என்னப்பா டோபியாஸ், மூணு மேட்ச் போச்சே, இப்பவும் லைன்தான் எல்லாமா?" கீனன் நிற்பது தெரிந்தும் கேட்டார். கீனன் தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

டோபியாஸ் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஆமா, லைன்தான் எல்லாம். இன்னிக்கு என்கிட்ட சாட்சி இருக்கு."

"காட்டு பாப்போம்."

"ஜெயிச்சுக் கொடுத்த மேட்ச் சொல்லுன்னீங்கல்ல? அது இல்ல. தோத்துக் கொடுத்த மேட்ச் சொல்றேன். மூணு. குவாட்டர்பேக் ஒண்ணும் பண்ணல, கோச் ஒண்ணும் பண்ணல. லைன்ல ஒரே ஒருத்தன், ரெண்டு விரலால, மூணு மேட்ச்சைத் தொலைச்சான். இதைவிட முக்கியமானவன் இந்த டீம்ல எவன் இருக்கான், சொல்லுங்க!"

அவன் தன் ரொட்டியை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினான். ஓட்டம், சும்மா கிடந்தது. எறி, திரும்பியது. மறுபடி காட்டினான். பேசப்பேசக் குரல் உடைந்துகொண்டே போயிற்று. ரொட்டியின் இனிப்பு விரலெல்லாம் ஒட்டியது. பக்கத்துத் தடியன்கள் நாலு பேரும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். வர்ஜில் முக்காலியிலிருந்து இறங்கி வந்து ரொட்டியைக் கூர்ந்து பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

கீனன் துணியைக் கீழே வைத்தான். "எப்பலேருந்து திருப்பறே?"

"உன் விரல் மடங்கினதுலேருந்து."

"என் விரலுக்காகவா?"

"பின்னே? பல்லைக் கடிச்சியே."

கீனன் தன் நடுவிரலைத் தூக்கிப் பார்த்தான். முகம் என்னவோ போல ஆயிற்று. "டேய் மடையா, அது நாலே நாள்ல சரியாயிடுச்சுடா!"

முதலில் சிரித்தது லோரீன். அப்புறம் கீனன். அப்புறம் அவன் சிரிப்பு சிரிப்பாக இல்லை. டோபியாஸின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். ஏப்ரனிலிருந்த கறியெல்லாம் டோபியாஸின் சட்டையில் ஆயிற்று.

"வா," என்றான் டோபியாஸ், "கோச்கிட்ட போலாம்."

கோச் ஸ்டட்ஸ் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்தார், கழுத்தில் துணி தொங்கியது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போய் ஒரு பந்தை எடுத்து வந்தார். வாசல் புல்லில் டோபியாஸைக் குனியவைத்துப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. சின்ன வயதில் அவரும் குவாட்டர்பேக்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியவில்லை. பிறகு டோபியாஸிடம், "உன்னை உக்கார வைக்கணும். தெரியுமா?"

"தெரியும், கோச்."

"வெளியே யாருக்குத் தெரியும் இது?"

"லோரீன் கடையில இருந்தவங்களுக்கு. டெம்ப்ஸி மேசைக்கு."

"ஹார்லோக்காரனுக்கு?"

"அவங்க நடுவில நிக்கறவன் சுமாரான ஆளா இருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும், கோச்."

கோச் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் ஒரு குறும்பு வந்தது. "அப்படின்னா நீ திருப்பறதை நிறுத்தக் கூடாது," என்றார். "எறிக்குத் திருப்பாம விட்டுடு. ஓட்டத்துக்குத் திருப்பு. நல்லா, அவனுக்குத் தெரியற மாதிரி." கீனன் பக்கம் திரும்பினார். "நீ என்ன நின்னுட்டிருக்கே? உங்கம்மாவுக்குப் போன் போடு. கால்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வர்ஜிலின் வாய் சாமானியமா? டோபியாஸ் தெருவில் போனால் பின்னாலிருந்து "தையல் மேலே" என்று குரல் வந்தது. தபால் ஆபீஸில் ஒரு கிழவி அவன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அவன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே திரிந்தான். சாயங்காலம் அப்பா வந்தார். அவருக்கு வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நாங்க ஆடறப்ப பந்தை அப்படியே விட்டுடுவோம்," என்றார் லெனார்ட்.

"தெரியும்ப்பா."

"ஏன் திருப்பினே?"

"அவனுக்கு விரல் வலிச்சுது."

லெனார்ட் மகனின் கையைப் பார்த்தார். "சரி," என்றார். அப்புறம், "சாப்பிட்டியா?"

சனிக்கிழமை வானம் சாம்பலாக இருந்தது. டார்லா அம்மாள் பஸ் கம்பெனியின் மஞ்சள் கோட்டிலேயே வந்துவிட்டாள். ஊரிலிருந்து இருட்டோடு கிளம்பியிருப்பாள். கீனனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தபோது கைத்தட்டல் இருந்தது, ஆனால் பாதி மனசோடு. டோபியாஸ் பெயருக்கு எங்கோ ஒருவன் சிரித்தான். லெனார்ட் மகனின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கெல்லத்தின் கையில் முதல் பந்து. ஓட்டம்.

டோபியாஸ் குனிந்தான். எதிரே ஹார்லோவின் தடுப்பில் நடுவில் நிற்பவன். சிவந்த தாடி, வாயில் பல்லைக் காக்கும் ரப்பர். அவன் கண் டோபியாஸின் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. டோபியாஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கவனித்தான். இத்தனை நாளும் மூணு பேர், நாலு பேர் இப்படித்தான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவன்தான் அவர்கள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தைப் பிடித்தான். அவசரப்படாமல், கடையில் தர்பூசணி பார்க்கிறவன் மாதிரி நிதானமாக உருட்டினான். தையல் மேலே வந்தது.

"எறி! எறி! எறி!" என்று தாடிக்காரன் கத்தினான்.

ஹார்லோவின் பின்வரிசை மொத்தமும் பின்னால் நகர்ந்தது. முன்வரிசை ஓரங்களைச் சுற்றிப் பாயக் காலை மாற்றியது. நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் போகும் அளவுக்கு வழி திறந்தது. தலைகீழாகக் குனிந்திருந்த டோபியாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பந்தை விட்டான், சிரித்துக்கொண்டே தாடிக்காரனின் நெஞ்சில் முட்டினான்.

அவன் கீழே விழுந்தான், அவன் மேல் தாடிக்காரன், அவன் மேல் இன்னும் யாரோ. எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதலில் கொஞ்சம், பிறகு நிற்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. ஓடுகிறவன் புள்ளி கிடைக்கிற கடைசிக் கோடு வரைக்கும் போய்விட்டான் என்று புரிந்தது. ஊரே ஒரு பெயரைக் கத்தியது.

"கீனன்! கீனன்!"

வர்ஜிலின் குரல் தனியாகத் தெரிந்தது. டார்லா அம்மாளின் குரலோ பஸ் ஹாரனைத் தோற்கடித்தது. கீனன் செய்ததெல்லாம் பந்தை வாங்கிப் பக்கத்தில் நிற்பவன் கையில் கொடுத்தது மட்டும்தான். வேறு ஒரு நாளாக இருந்தால் டோபியாஸ் அங்கேயே எழுந்து நின்று வாதாடியிருப்பான்.

மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு கை நீண்டது. கீனனுடையது.

"விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டான் டோபியாஸ், வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டே.

"மூடிக்கிட்டு எந்திரிடா," என்றான் கீனன்.